திரைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை: பதினோரு படமும் ஒரு கரும்பலகையும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கமுங்க.

கோபிசெட்டிபாளையத்தில் மாதம் ஒரு படம் என்பது நம் சங்கத்தின் ஏற்பாடு. இந்த ஆண்டு பதினொன்றுதான் ஆயிற்று. ஜனவரியில் பாரியூர் அம்மன் கோயில் குண்டம், தீமிதித் திருவிழா, வந்துவிட்டது. பாதிப் பேர் விரதம், மீதிப் பேர் வீட்டில் ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள். யாரைக் கூப்பிட்டு யார் வருவது? திரையை மடித்து பீரோவில் வைத்துவிட்டோம்.

ஜூன் மாதக் காட்சி ஒரு மணி நேரம் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வாடகைக்கு வந்த புரொஜெக்டரோடு ஒயர் வரவில்லை. கொடுத்தவரைக் கேட்டால், “நேத்து ஒரு சீர்ல நல்லாத்தானுங்க ஓடுச்சு” என்கிறார். அந்த ஒரு மணி நேரமும் எனக்கு சாமிக்கண்ணு வின்சென்ட் நினைப்புத்தான். ரயில்வேயில் வேலை பார்த்த கோவைக்காரர், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டி, 1914-இல் கோவையில் வெரைட்டி ஹாலையும் கட்டிவிட்டார். அந்தக் காலத்தில் எத்தனை ஊரில் மின்சாரம் இருந்திருக்கும்? நமக்கு மின்சாரம் இருந்தது, ஒயர்தான் இல்லை. இப்போது சங்கத்துக்கென்று சொந்தமாக ஒயர் வாங்கியாயிற்று. இந்த ஆண்டின் ஒரே அசையும் சொத்து அதுதான்.

அப்புறம், கரும்பலகை விவகாரம். படம் முடிந்ததும் வாசலில் இருக்கும் பலகையில் செயலாளர் நாலு வரியில் தன் தீர்ப்பை எழுதவேண்டும் என்பது போன பொதுக்குழுவின் முடிவு. நட்சத்திரமோ மதிப்பெண்ணோ போடச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். பரீட்சைப் பேப்பர் திருத்தியே முப்பது வருடம் போனவனை மறுபடியும் அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். பலகையில் எழுதியது எல்லாவற்றையும் இங்கே படிக்கவில்லை. நினைவில் நின்றதை மட்டும் சொல்கிறேன்.

‘மலைக்கள்ளன்’ (1954). நாமக்கல் கவிஞரின் நாவல், கோவை பட்சிராஜா ஸ்டுடியோ, இயக்கம் ஸ்ரீராமுலு நாயுடு. சொந்த ஊர்ச் சரக்கு என்பதால் கொஞ்சம் அதிகமாகவே தட்டிக்கொடுத்து எழுதிவிட்டேன்: “குதிரை ஓடும்வரை படம் ஓடுகிறது. எம்.ஜி.ஆர். வேஷம் மாற்றும்போதெல்லாம் நமக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது, போலீசுக்குத் தெரியவில்லை. அதுதான் சந்தோஷம்.” நாயுடு இதையே அடுத்த வருடம் திலீப்குமாரை வைத்து இந்தியில் ‘ஆசாத்’ என்று எடுத்தார் என்று சொன்னபோது கூட்டத்தில் ஒருவர் கைதட்டினார். ஏனென்று தெரியவில்லை, நானும் தட்டினேன்.

‘அந்த நாள்’ (1954). அதே வருடம், பாட்டே கிடையாது. தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். “பாட்டு வரும் இடத்தில் எழுந்து போகலாம் என்று காத்திருந்தவர்கள் கடைசிவரை போகவில்லை” என்று எழுதினேன். அதற்குமேல் அந்தப் படத்துக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) போட்ட அன்று திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ்ஸில் போய்வரும் பையன்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். சாப்ளின் நட்டு முறுக்கி முறுக்கி, வேலை நின்ற பிறகும் கை நிற்காமல் ஆடும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களில் ஒருவன், ஓவர்லாக் தையல் மெஷின் அடிக்கிறவன், தன் வலது காலைக் காட்டினான். பெஞ்சுக்கு அடியில் அது தானாக மிதித்துக்கொண்டிருந்தது. அன்று முழுக்க ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு வந்தவன். பலகையில் அன்று நான் இரண்டே வரி எழுதினேன். அந்தக் காலைப் பற்றித்தான்.

‘முந்தானை முடிச்சு’ (1983). பக்கத்து வெள்ளாங்கோயில்காரர் பாக்யராஜின் படம் என்பதால் கூட்டம் தாங்கவில்லை. முருங்கைக்காய்க்குச் சிரிக்கும் தலைமுறை இன்னும் தெம்பாகவே இருக்கிறது. என் தீர்ப்பு: “திரைக்கதை, ஊறவைத்த கயிறு மாதிரி ஓர் இடத்திலும் தொய்வில்லை. பச்சைக் குழந்தையைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் செய்யும் இடம் அன்று கைதட்டல் வாங்கியது. இன்று நம் வீட்டுப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.” இதற்கு எதிர்ப்பு வந்தது. பதில் சொல்லவில்லை, கேட்டவர் என் சம்பந்தி.

‘சேத்துமான்’. பெருமாள்முருகனின் ‘வறுகறி’ கதையை வைத்து இயக்குநர் தமிழ் எடுத்தது. நம் பேச்சு நம் பேச்சாகவே படத்தில் வந்தது என்று முதல் அரைமணி நேரம் சபையில் ஒரே கலகலப்பு. பன்றிக்கறி மேல் ஆசைப்படும் பண்ணையக்காரர், கூடை முடையும் தாத்தா, படிக்க ஆசைப்படும் பேரன். கடைசிக் கால்மணி நேரத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. வெளியே வந்து செருப்புத் தேடும்போதும் யாரும் பேசவில்லை. “சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று அவரவரே பார்த்துக்கொள்ளவும்” என்று எழுதினேன். மறுநாள் காலையில் பலகை ஈரத்துணியால் துடைத்திருந்தது. யாரென்று விசாரிக்கவில்லை, திரும்ப எழுதிவிட்டேன். இரண்டாம் முறை யாரும் துடைக்கவில்லை.

பெரிய நட்சத்திரம் ஒருவரின் சமீபத்திய படத்தையும் உறுப்பினர் விருப்பத்துக்காக வைத்தோம். தீர்ப்பு: “இடைவேளையில் போட்ட போண்டா நன்றாக இருந்தது.” படத்தின் பெயரை மினிட் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். அடி வாங்கும் வயது எனக்கில்லை.

‘டோக்கியோ ஸ்டோரி’ (1953), இயக்கம் ஓசு. ஜப்பான் படம் என்றதும் செயற்குழுவிலேயே முகம் சுளித்தார்கள். ஓசு பாயில் உட்கார்ந்தவர் கண்ணுயரத்தில் கேமராவை வைக்கிறவர். நம் முன்வரிசைப் பெரியவர்கள் ஜமக்காளத்தில். திரையிலிருந்த கிழவன் கிழவிக்கும் இவர்களுக்கும் ஒரே மட்டம். படம் முடிந்ததும் மஞ்சள் மண்டியில் கணக்கெழுதிய அய்யா ஒருவர் என் கையைப் பிடித்து, “ஏனுங் தம்பி, பெரிய பையன் டாக்டர்தானுங்களே? டாக்டருக்குப் படிக்க வெச்சும் இப்படித்தானுங்களா?” என்றார். அவர் மகன் பெங்களூரில். பலகையில் அவர் கேட்டதையே எழுதினேன், பெயர் போடாமல்.

கடைசியாக ‘வீடு’ (1988). இதில்தான் என் தீர்ப்பு உதைபட்டது. பாலுமகேந்திரா எடுத்தது, தாத்தா வைத்திருந்த மனையில், கடன் வாங்கி, சென்னையில் சின்னதாக ஒரு வீடு கட்டப்போய்ப் படும் பாடு. அர்ச்சனாவையும் சொக்கலிங்க பாகவதரையும் வாயாரப் புகழ்ந்துவிட்டு, நாலாவது வரியில் “இரண்டாம் பாதி கொஞ்சம் இழுக்கிறது” என்று சேர்த்தேன். சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை, பின்னாலிருந்து நம் உறுப்பினர், கட்டட மேஸ்திரி, கூப்பிட்டார்.

“சார், ஸ்லாப் போட்டா பாத்தி கட்டி எத்தனை நாள் தண்ணி நிறுத்தோணும், தெரியுங்களா?”

தெரியாது என்றேன்.

“பதினாலு நாள் நிறுத்தோணும். அத்தன நாளும் மேல வேல நடக்காது. காசு மட்டும் போயிட்டே இருக்கும். வூடு கட்டுனா இழுக்கத்தான் செய்யும். அந்தம்மா மூஞ்சியப் பாத்தீங்களா? அது தண்ணி நிறுத்தற மூஞ்சிங்க.”

காண்ட்ராக்டர் சிமெண்டைத் திருடுவதைச் சித்தாள் பெண் போட்டுடைக்கும் காட்சியைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். “அதெல்லாம் படத்துலயே கொஞ்சமாத்தான் காட்டியிருக்காங்க” என்று சொல்லிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். நாலாவது வரியை அழித்து, “இரண்டாம் பாதி பதினாலு நாள் தண்ணீர் நிறுத்துகிறது” என்று எழுதினேன். இந்த ஆண்டு பலகையில் உருப்படியான வரி அதுதான். அது என்னுடையதும் கிடையாது.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். புரொஜெக்டர் வாடகைதான் பெருஞ்செலவு. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். இந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

ஒரு தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். வரும் ஆண்டிலிருந்து பலகையில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் செயலாளர், வலப்பக்கம் அன்று வந்த உறுப்பினர் ஒருவர். அடுத்த மாதம் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. சைக்கிள் பறிகொடுத்தவன் ரோம் நகரத்தில் மகனோடு அதைத் தேடி அலைகிற படம். வலப்பக்கம் எழுத மேஸ்திரியைக் கேட்டிருக்கிறேன். “எழுத்து வராதுங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. ஆனா ஒரு வார்த்தையும் மாத்தப்புடாது” என்றிருக்கிறார். சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.

பணிவுடன்,
செயலாளர்