மெர்ட்டனைத் தேதி பார்த்துப் படி

அன்பு மகளுக்கு,

அமெரிக்கக் கத்தோலிக்கத் துறவி தாமஸ் மெர்ட்டனின் சுயசரிதை பாதியிலேயே அலுத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அலுக்கத்தான் செய்யும். 1941 டிசம்பர் 10 அன்று கென்டக்கியில் கெத்செமனி மடத்தில் சேர்ந்த ஓர் இளைஞர், கத்தோலிக்கத்துக்கு மாறிய புதுச் சூட்டில் எழுதியது அது. 1948இல் வந்து லட்சக்கணக்கில் விற்றது. பிற சபையாரை அதில் மட்டம் தட்டியிருப்பது பின்னாளில் அவருக்கே பிடிக்கவில்லை.

அதை மூடி வைத்துவிட்டுப் பனிப்போர்க் கடிதங்களை எடு. 1961 அக்டோபரிலிருந்து ஓராண்டில் எழுதியவை, மொத்தம் 111. அவர் சேர்ந்திருந்த, மௌனத்துக்குப் பெயர்போன டிராப்பிஸ்ட் சபையில் அந்நாளில் ஒரு துறவி எழுதுவது எதுவானாலும் அச்சுக்குப் போகுமுன் சபைத் தணிக்கையாளர்களைத் தாண்ட வேண்டியிருந்தது. அந்த அக்டோபரில் ‘கத்தோலிக் ஒர்க்கர்’ இதழில் வந்த கட்டுரை, தணிக்கையில் தேறிய ஒரு புத்தக அத்தியாயம்தான். ஆனால் அதன் தொடக்கத்தில், தணிக்கைக்கே போகாத சில பத்திகளை ஒட்டி அனுப்பிவிட்டார். 1962 ஏப்ரலில் சபையின் தலைமை மடாதிபதியிடமிருந்து உத்தரவு வந்தது: போர், சமாதானம் பற்றி இனி எதையும் வெளியிடக் கூடாது. அப்போது எழுதிக்கொண்டிருந்த புத்தகம் 2004இல்தான் அச்சேறியது.

தடை அச்சுக்குத்தான், கடிதத்துக்கு இல்லை. கடிதங்களின் நகல்களைத் திரட்டி சைக்ளோஸ்டைல் போட்டு நண்பர்களுக்கு அனுப்பினார். ஹிரோஷிமா மேயருக்கும், ‘கத்தோலிக் ஒர்க்கர்’ நிறுவனர் டாரத்தி டேக்கும் எழுதியவை அதில் உண்டு. இதைத் தந்திரம் என்பவர்கள் 1962 ஏப்ரல் 29 அன்று இளம் சமாதான ஆர்வலர் ஜிம் ஃபாரஸ்டுக்கு எழுதியதைப் படிக்காதவர்கள். நீ அதிலிருந்தே தொடங்கு. ஆத்திரம் ஒளிவுமறைவில்லாமல் இருக்கும். ஆனால் கீழ்ப்படிவதில் மட்டும் அசையவே மாட்டார். துறவியாகக் கொடுத்த வார்த்தைப்பாட்டை மீறி வெளியேறினால், சமாதானம் பேசுபவர்களே இப்படித்தான் என்று சொல்ல எதிராளிக்கு வசதியாகிவிடும் என்பது அவர் கணக்கு.

பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. எல்லாப் போரையும் கொள்கையளவில் மறுத்தவர் அல்ல அவர். நீதியான போருக்குத் திருச்சபை வைத்த நிபந்தனைகளையே கையில் எடுத்துக்கொண்டு, நகரத்தோடு குழந்தைகளையும் எரிக்கும் அணுகுண்டு அவற்றில் எதற்கும் பொருந்தாது என்று வாதாடினார். இதை விட்டுவிட்டுப் படித்தால் கடிதங்கள் முன்னுக்குப்பின் முரணாகத் தெரியும்.

1963 ஏப்ரலில் திருத்தந்தை 23ஆம் யோவானின் ‘அவனியில் அமைதி’ சுற்றுமடல் வந்ததும் மறுபடி அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. திருத்தந்தை எங்கள் தணிக்கையாளர்களிடம் மாட்டாதது நல்லதாயிற்று என்று கேலி செய்தார்.

ஆசியப் பயணக் குறிப்புகளைக் கடைசிக்கு வை. 1968 நவம்பரில் மதராஸ் வந்து, மாமல்லபுரம் பார்த்துவிட்டு இலங்கைக்குப் போனார். டிசம்பர் 10 அன்று பாங்காக் அருகே இறப்பதற்குச் சில நாள் முன்பு பொலன்னறுவை கல் விகாரையில், ஈரப் புல்லிலும் மணலிலும் வெறுங்காலோடு நடந்து புத்தர் சிலைகளை நெருங்கினார். கூடப் போன மறைமாவட்டக் குருவோ, பிற மத விஷயம் என்று ஒதுங்கி, மரத்தடியில் உட்கார்ந்து வழிகாட்டிப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

அன்புடன்,
அப்பா