ஸ்கேன் செய்யச் சொல்லும் முன் கையெழுத்து வாங்குங்கள்: வடசென்னை நெட்வொர்க்கிங் வகுப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்களுக்கும், லேப் பொறுப்பாளர்களுக்கும், ராயபுரம் தொடங்கி திருவொற்றியூர் வரை நெட்வொர்க்கிங் கோர்ஸ் நடத்தும் சென்டர்களுக்கும் வணக்கம்.

"ஏதாவது ஒரு வெப்சைட்டை என்மேப்பில் ஸ்கேன் பண்ணி, திறந்திருக்கும் போர்ட்டையெல்லாம் ரெக்கார்டில் எழுதிட்டு வாங்க" என்று வீட்டுவேலை கொடுப்பதை நிறுத்துங்கள். (ஒரு கணினியின் எந்தெந்தப் போர்ட், அதாவது நெட்வொர்க் வாசல், திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதுதான் ஸ்கேன்; அதற்கான டூல் என்மேப்.) அந்த 'ஏதாவது ஒரு'தான் வம்பு. நம் பகுதிப் பிள்ளைகளுக்குச் சட்டென்று தோன்றுவது ஹார்பர், மணலி ரிஃபைனரி, வடசென்னை அனல்மின் நிலையம். (போர்ட் என்றதும் ஹார்பர் ஞாபகம் வந்தால் அவர்கள் தப்பில்லை.) முக்கியமான நெட்வொர்க்குகளைக் குறிவைத்து ஸ்கேன் செய்வதும், 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டிய சம்பவங்களின் பட்டியலில் இருக்கிறது; கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன், தனக்குத் தெரிவிக்கச் சொல்லி 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு அது. அந்த நெட்வொர்க்கின் லாகில், அதாவது பதிவேட்டில், பதிவாவது ஐபி முகவரி: ஸ்கேன் வந்த இணைப்பின் எண். அதைப் பிடித்துக்கொண்டு வந்தால், கனெக்‌ஷன் வாங்கிய அப்பாவின் பெயர்தான் முதலில் கிடைக்கும்.

"உள்ளே போகலையே, தட்டித்தானே பார்த்தோம்" என்பார்கள். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் போர்ட் ஸ்கேன் என்ற சொல்லே இல்லைதான். ஆனால் அணுகுதல் என்பதற்கு அது தரும் விளக்கத்தில், நுழைவதோடு கணினியின் வளங்களோடு தொடர்புகொள்வதும் சேர்கிறது. உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதிக்காத அணுகலுக்கு 43-ஆம் பிரிவில் நஷ்டஈடு. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதுகாக்கப்பட்டது என்று அரசு அறிவித்த அமைப்பானால் முயற்சியே போதும். 70-ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை. வகுப்புக்காகச் செய்த மாணவர்மேல் 66 நிற்பது கடினம் என்றே நினைக்கிறோம். ஆனால் அதை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து விளக்கும்படி ஆகக்கூடாது.

அனுமதி என்றால் வகுப்பாசிரியர் தலையாட்டுவதல்ல. அந்த நெட்வொர்க்குக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட்ட ஒரு தாள்: எந்த ஐபிகள், எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த மெஷினிலிருந்து, என்ன வகை ஸ்கேன், கோளாறு வந்தால் யாரை அழைப்பது. கல்லூரிக்குள்ளேயே ஓடும் நெட்வொர்க்காக (லேன்) இருந்தாலும் சிஸ்டம் அட்மினிடம் வாங்குங்கள். ஏனென்றால் உள்ளேயும் கோளாறு வரலாம்: பல பிரிண்டர்கள் 9100 போர்ட்டில் வருவதையெல்லாம் அப்படியே அச்சடித்துத் தள்ளும். அதனால்தான் என்மேப், போர்ட்டில் ஓடும் மென்பொருள் எது என்று கேட்கும் வெர்ஷன் ஸ்கேனில் அந்தப் போர்ட்டைத் தானாகவே விட்டுவிடுகிறது. வேறு டூல்களும் அப்படி விடும் என்று நம்ப வேண்டாம்.

இதைவிட நல்லது, வெளியே போகாத லேப். ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில், ஸ்கேன் செய்ய காளி லினக்ஸ் ஒன்று, ஸ்கேன் செய்யப்படுவதற்கு மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள் 2 என்ற பயிற்சிக் கணினி ஒன்று. இரண்டாவதுக்கு 512 எம்பி ரேம் போதும். இரண்டுக்கும் ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டர் (அந்தக் கணினிக்குள் மட்டும் பேசும் இணைப்பு) மட்டும் கொடுங்கள், பெரும்பாலும் 192.168.56.0/24 என்ற முகவரித் தொகுதி வரும். காளியில் இணையத்துக்கு வழிவிடும் நேட் அடாப்டரைக் கழற்றிவிட்டால், முகவரி தப்பாக அடித்தாலும் பாக்கெட் வெளியே போகாது. மெட்டாஸ்ப்ளாய்ட்டபிளை மறந்தும் பிரிட்ஜ் அடாப்டரில் (லேப் நெட்வொர்க்கோடு நேரடியாகச் சேர்க்கும் இணைப்பு) போடாதீர்கள். அதில் வேண்டுமென்றே வைத்த ஓட்டைகள் லேப் முழுக்கத் தெரியும். /24-க்குப் பதில் /16 என்று அடித்தால் 256 முகவரி 65,536 ஆகிவிடும். அதனால் முதலில், எதையும் தட்டாமல் முகவரிகளைப் பட்டியலிடும் லிஸ்ட் ஸ்கேன் ஓட்டி, எந்தெந்த முகவரி வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் என்மேப் வழக்கமாகப் பார்க்கும் 1000 டிசிபி போர்ட். டிசிபி போலவே தரவு அனுப்பும் இன்னொரு முறையான யுடிபி-க்கு 53, 123, 161 போர்ட்கள் மட்டும் போதும்: போர்ட் மூடியிருக்கிறது என்ற பதிலை லினக்ஸ் நொடிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் அனுப்பும், எல்லாப் போர்ட்டையும் பார்க்க 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் லேப் பீரியட் எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியும்.

என்மேப் குழுவின் ஸ்கேன்மீ சர்வரில் பழகலாம், அவர்களே அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் நாளுக்கு 100 தடவை வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். அறுபது பேர் ஆளுக்கு இரண்டு தடவை ஓட்டினால் 120. அத்தனையும் ஒரே கல்லூரி ஐபியிலிருந்து போகும். புரொஜெக்டரில் நீங்கள் ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். அனுமதித் தாளின் நகலை ரெக்கார்டின் முதல் பக்கத்தில் ஒட்டிய பிறகு மற்ற ஸ்கேன்களை லேபுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னையில் நெட்வொர்க் வேலை பார்ப்பவர்கள் சிலர்