தொப்பியைக் காணோம்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்பு முருகேசா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பர் வந்ததும் எனக்கு முன்னால் பிடுங்கிக்கொள்கிறார். அந்த அலைச்சலில்தான் பதில் தள்ளிப்போனது, திட்டாதே.

காரில் சத்தம் கூட்டினால் கதவு ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைக் கழற்றி எறிந்துவிடாதே. ஆறரை இஞ்ச் ஸ்பீக்கரை 40 ஹெர்ட்ஸ் அடி பாஸுக்கு ஆடு என்றால் அது பாவம் என்ன செய்யும்? முன்னும் பின்னும் துள்ளி, கூடவே வரும் குரலையும் கெடுக்கும். ஹெட் யூனிட்டில், அதாவது டேஷ்போர்டு ஸ்டீரியோவில், ஹெச்.பி.எஃப். இருக்கும்; கீழ் ஒலியை வெட்டி மேல் ஒலியை மட்டும் விடும் ஃபில்டர் அது. அதை 80 ஹெர்ட்ஸில் வை, ஸ்லோப் (வெட்டின் சரிவு) 12 டெசிபல். அதற்குக் கீழே அதிர்வெண் பாதியாகப் பாதியாக 12 டெசிபல் குறைந்துகொண்டே போகும். பாஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபருக்கு எல்.பி.எஃப்., அதாவது மேல் ஒலியை வெட்டும் ஃபில்டர்; அதுவும் 80.

என் வண்டிக் கதை இதைவிட மோசம். ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) மாட்டித் தந்தவர் ஹெட் யூனிட்டிலும் ஃபில்டர் போட்டு, ஆம்பிலும் போட்டுவிட்டார். கதவுக்கு 120-ல் வெட்டு, சப்வூஃபருக்கு 60-ல் வெட்டு. நடுவில் பெரிய பள்ளம். மூன்று மாதம் எனக்கு உறைக்கவே இல்லை; நம்பர் பிளேட் அதிர்ந்தால் பாஸ் இருக்கிறது என்றுதானே நினைப்போம்? மகள் மிருதங்கம் கற்கிறாள் அல்லவா, அவள்தான் ஒரு தனி ஆவர்த்தனத்தைக் கேட்டுவிட்டு, "இவர் ஒரு கையாலயா வாசிக்கிறார்?" என்றாள். மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலை கணீரென்று வருகிறது, இடது பக்கத்து பாஸான தொப்பியைக் காணோம்!

ஆம்ப் ஃபில்டரை 'ஃபுல்'லுக்குத் தள்ளினேன், அதாவது அங்கே வெட்டே இல்லை. ஒரே இடத்தில்தான் வெட்ட வேண்டும். ஆம்ப் திருகில் 50-க்கும் 250-க்கும் நடுவே எது 80 என்று எவனுக்குத் தெரியும்? ஹெட் யூனிட்டில் எண்ணாவது தெரிகிறது.

அப்புறமும் தொப்பி முழுசாக வரவில்லை. 12 டெசிபல் ஸ்லோப்பில் இரண்டு ஃபில்டரும் சந்திக்கும் இடத்தில் 180 டிகிரி எதிரெதிராக நிற்கும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். சப்வூஃபரின் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தேன், வந்துவிட்டது. காருக்குள் ஸ்பீக்கர்களின் தூரமும் இதில் விளையாடும். அதனால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்.

மேல் ஒலிக்கான குட்டி ஸ்பீக்கர் ட்வீட்டர்; அதன் வயரில் தொங்கும் சின்ன கெபாசிட்டரை மட்டும் தொடாதே. 4 ஓம் ட்வீட்டருக்கு 10 மைக்ரோஃபாரட் என்றால் ஏறக்குறைய 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதை அதுதான் தடுக்கிறது. "இது எதுக்கு மாமா?" என்று என் மச்சான் தன் வண்டியில் பிய்த்துப் போட்டான். ட்வீட்டர் இரண்டு பாட்டு தாங்கியது.

அடுத்த மாதம் கோவை வருகிறேன். அதற்குள் உன் ஆம்பின் திருகுகளை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கெயினில் (சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற திருகில்) கை வைக்காதே, அதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ராஜா