எடிசனில் குடியிருக்கிறோம், கூட்டத்துக்கு வருவதில்லை

ஆசிரியருக்கு,

நியூ ஜெர்சியின் எடிசன் நகரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ சாலையின் நகைக்கடைகளோடும் சாட் கடைகளோடும் நின்றுவிட்டது. இந்த ஊரிலேயே வீடு வாங்கிப் பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1954 வரை இது ராரிட்டன் டவுன்ஷிப். 2004-இல் மூடப்பட்ட ஃபோர்டு கார் ஆலையை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. ஆசியர்களுக்குக் கதவைத் திறந்த 1965 அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் வந்த நம்மவர்கள் நல்ல பள்ளிக்கூடங்களையும், பக்கத்து மெட்ரோபார்க் நிலையத்திலிருந்து நியூயார்க் போகும் ரயிலையும் பார்த்து இங்கே குடியேறினார்கள். 2010 கணக்கெடுப்பிலேயே நூற்றுக்கு 28 பேர் இந்தியர்.

வெள்ளையர்கள் நம்மைக் கண்டு ஊரைக் காலி செய்ததாகக் கட்டுரையாளர் எழுதுகிறார். எங்கள் தெருவில் விற்றுப் போனவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் வெளியூரில், நியூ ஜெர்சி சொத்து வரியோ கட்டி மாளாது. வெறுப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்துக்கு 2017-இல் நடந்த தேர்தலின்போது, போட்டியிட்ட ஒரு சீன வம்சாவளியினரையும் ஓர் இந்திய வம்சாவளியினரையும் நாடு கடத்தச் சொல்லி அஞ்சலில் அட்டைகள் வந்தன. இருவருமே ஜெயித்தார்கள். 2021-இல் இந்திய வம்சாவளியினரான சாம் ஜோஷி மேயராகத் தேர்வானார்.

ஆனால் குடியிருப்போர் மாறிய வேகத்தில் வாக்காளர் பட்டியல் மாறவில்லை. எதிர் வீட்டுத் தம்பி ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறார், ஓட்டு கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொத்து வரி கட்டுகிறார். அதில் பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது. வேலை அடிப்படையில் ஆண்டுதோறும் தரும் கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பால் அவர் வரிசையில் நிற்கிறார். இங்கே பிறந்த மகளுக்கு ஓட்டுப் போடும் வயதே வந்துவிடும், அவருக்குக் கார்டு வந்திருக்காது.

குடியுரிமை வாங்கிய நாமோ உள்ளூர்த் தேர்தல் நாளைக்கூட மறந்துவிடுகிறோம். கோயில் விழாவுக்கு இடம் கொள்ளாமல் நிற்கிறோம், வகுப்பறை போதவில்லை என்று வாட்ஸ்அப்பில் புலம்புகிறோம், பள்ளி வாரியக் கூட்டத்தில் நம் முகங்கள் சொற்பம். எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது. நியூ ஜெர்சி சட்டப்படி நகர மன்றமும் பள்ளி வாரியமும் தம் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. எதிர் வீட்டுத் தம்பியும் பேசலாம். அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைத்துப் போகப்போகிறேன். எடிசன் வாசகர்கள் ஆளுக்கு ஒருவரையாவது அழைத்து வாருங்கள்.

– ஒரு வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி