குறி தவறும் பிரம்மாஸ்திரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாடாளுமன்றம் கூடினாலே நம் நாளிதழ்களுக்கு பிரம்மாஸ்திரம் ஞாபகம் வந்துவிடுகிறது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரப்போகிறது என்று பேச்சு எழுந்தால் போதும், எதிர்க்கட்சிகள் பிரம்மாஸ்திரத்தைக் கையில் எடுத்துவிட்டதாகக் கொட்டை எழுத்தில் தலைப்புப் போடுகிறார்கள். உங்கள் இதழும் இதற்கு விலக்கல்ல.

பிரம்மாஸ்திரத்தின் பெருமையே ஏவினால் வீணாகாது என்பதுதான். சுந்தர காண்டத்தில் சீதை அனுமனிடம் சொல்லும், தன்னைக் கொத்திய காகத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். ராமன் ஒரு தர்ப்பைப் புல்லில் அந்த அஸ்திரத்தை ஆவாகனம் செய்து விடுகிறான். காகம் மூவுலகும் பறந்துவிட்டு அவன் காலிலேயே வந்து விழுகிறது. மன்னித்த பிறகும் அஸ்திரம் சும்மா போகவில்லை, காகத்தின் ஒரு கண்ணைக் கொண்டுதான் போனது.

சரி, நம் மக்களவைக்கு வருவோம். முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை நேரு அரசுக்கு எதிராக 1963-இல் ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்தார். அதிலிருந்து 2023 வரை இரண்டு டஜனுக்கும் மேல் வந்தாயிற்று. வாக்கெடுப்பில் ஒன்றுகூட வென்றதில்லை. 1979-இல் வாக்கெடுப்புக்கு முன்பே மொரார்ஜி தேசாய் பதவி விலகினார். அதை வேண்டுமானால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். 1999-இல் வாஜ்பாய் ஒரே வாக்கில் தோற்றதையும் சிலர் இதோடு சேர்க்கிறார்கள். அது அவரே கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பு.

2023-இல் தீர்மானம் கொண்டுவந்தவர்களுக்கே தங்களிடம் எண்ணிக்கை இல்லை என்பது தெரியும். மணிப்பூர் கலவரம் பற்றிப் பிரதமரை அவையில் பேசவைப்பதே நோக்கம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அவரும் பேசினார். ஆகஸ்ட் 10-ஆம் தேதி குரல் வாக்கெடுப்பில் தீர்மானம் தோற்றது. செய்தி இவ்வளவுதான். ஆனால் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ஆட்சி கவிழப்போகிறது என்று டீக்கடையில் ஒருவர் பேசினால், தப்பு அவர் மேல் இல்லை.

அந்தப் பெயருக்குத் தகுதியான ஒன்று நம் அரசமைப்பில் இருந்தது: மாநில ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரும் 356-ஆவது பிரிவு. 1976-இல் திமுக ஆட்சி, 1980-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி, 1988-இல் ஜானகி ஆட்சி, 1991-இல் மறுபடியும் திமுக ஆட்சி என்று தமிழ்நாட்டில் மட்டும் நான்கு ஆட்சிகளை அது வீழ்த்தியது. 1994-இல் கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் அதன் முனை மழுங்கியது. அப்போதுகூட நீதிமன்றம் அதைப் பறித்துவிடவில்லை, ஏவியது சரியா என்று கேள்வி கேட்கலாம் என்றாக்கியது. (இந்த வரிசையில் பிரமோஸ் ஏவுகணையைச் சேர்த்துவிடாதீர்கள். அந்தப் பெயர் பிரம்மபுத்ரா, மாஸ்கோவா என்ற இரண்டு நதிகளிலிருந்து வந்தது.)

மகாபாரதத்தில் அசுவத்தாமனுக்குப் பிரம்மாஸ்திரத்தை ஏவத் தெரிந்தது, திரும்பப் பெறத் தெரியவில்லை. அது அபிமன்யுவின் மனைவி உத்தரையின் கருவில் போய் விழுந்தது. ஒரு அவசரச் சட்டத்தையோ புதிய வரியையோ அஸ்திரம் என்று எழுதும் நிருபர், அது யார் மேல் விழும், திரும்பப் பெற வழியிருக்கிறதா என்று இரண்டு வரி சேர்த்து எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

விளையாட்டுப் பக்கத்தோடு எனக்கு வழக்கில்லை. பும்ராவின் யார்க்கரைத் தாராளமாக அப்படி எழுதுங்கள்.

வாசகர்,
திருச்சி.