தோட்டத்து நேரம்

மயிலாப்பூர்
மே 18

அன்புள்ள சீனு,

நானும் லலிதாவும் அந்த நீண்ட ரயில் பயணம் முடித்து ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகியும் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. திட்டுவதை ஜூனில் நேரில் வந்து திட்டு. மைதிலியின் முட்டிவலி தேவலையா? இங்கே கத்திரி வெயிலைத் தவிர வேறு குறை இல்லை.

அப்படித்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். விஷயம் என்னவென்றால், நான் இன்னும் வந்து சேரவில்லை.

கடைசி ஒரு மாதம் அஸ்ஸாமில் திப்ருகர் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோமே, அங்கே 'பாகான் டைம்', அதாவது தோட்டத்து நேரம், என்று ஒரு வழக்கம். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. நம் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்கிறார்கள். நாடு முழுக்க ஒரே நேரம், ஆனால் சூரியனுக்கு அது தெரியாதே! ஏப்ரலில் ஐந்து அடிப்பதற்குள் பளீரென்று வந்துவிடுகிறது. உடம்பு அதைப் பிடித்துக்கொண்டது. நாலு மணிக்கு எழுந்து, ஆவின் பாக்கெட் வரும்வரை இருட்டில் பால்கனியில் உட்கார்ந்திருக்கிறேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்து ஒருநாள் டார்ச் அடித்தார்.

பல்துலக்கும் பிரஷ் இன்னும் பையின் பக்கவாட்டு ஜிப்பில்தான் இருக்கிறது. பயண நினைப்பிலேயே எண்ணெய் நூறு மில்லி வாங்கி வந்து லலிதாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். லஸ்ஸில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். இருபத்தெட்டு வருஷம் குடியிருக்கிற பேட்டையில் பஸ் ஸ்டாப் எங்கே என்று ஒரு பையனிடம் கேட்டேன். "ஊருக்குப் புதுசா சார்?" என்றான். பட்டாபியிடம் சொல்லித் தொலைக்காதே, ஆயுசுக்கும் விடமாட்டான்.

சரி, சிரித்தது போதும். ஜனவரியில் கயாவில் பனிமூட்டம், வண்டி ஏழு மணி நேரம் தாமதம். பெட்டி மேல் உட்கார்ந்து, ஒரே சால்வையைப் போர்த்திக்கொண்டு, மண்குவளையில் டீ. அப்போதுதான் லலிதா சொன்னாள், அவளுக்கு பி.எஸ்ஸி. பிசிக்ஸ் சீட் கிடைத்ததாம். பணம் கட்டக் கடைசி நாளன்று அவள் அப்பா வெளியூர் போய்விட்டாராம். வேண்டுமென்றேதான். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம், எனக்குத் தெரியாது. நான் கேட்டதுமில்லை. அதற்கப்புறம் மூன்று மாதம் பேசிக்கொண்டே இருந்தோம்.

திரும்பும்போதும் விவேக் எக்ஸ்பிரஸில் மூன்று ராத்திரி பேச்சுதான். காட்பாடியில் இறங்கினோம், அந்த வண்டிதான் சென்னைக்குள்ளேயே வராதே. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே அவள் அடுக்களையில், நான் பேப்பரில். "மோர் வேணுமா?" "கேஸ் புக் பண்ணியாச்சா?" அவ்வளவுதான். சண்டை கிடையாது, கோபம் கிடையாது. என்ன பேசுவது என்றே தெரியவில்லையடா. நேற்று வலிய "பிசிக்ஸ்..." என்று ஆரம்பித்தேன். "குக்கர் எத்தனை விசில் ஆச்சு, எண்ணினீங்களா?" என்றாள்.

அரைக்கிலோ தேயிலை தனியே பார்சலில் வருகிறது. பால் ஊற்றினால் நான் பொறுப்பில்லை.

ஜூனில் மைதிலியையும் கூட்டிக்கொண்டு வா. நாலு பேருமாக எங்காவது போகலாம். டிக்கெட் நீயே போடு. அடிக்கடி லேட்டாகிற வண்டியாகப் பார்.

உன்,
ரகு