வெளிவிளக்கு வாங்குமுன்: ஆலங்காயம் மின்பொருள் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த மாதத்திலிருந்து வெளிவிளக்கு கேட்டு வருபவர்களிடம் சில கேள்விகள் கேட்கப் போகிறோம். எங்கே மாட்டுவீர்கள், எவ்வளவு உயரத்தில், ராத்திரி முழுக்க எரிய வேண்டுமா என்று. கேட்ட சரக்கை எடுத்துக் கொடுக்காமல் இதென்ன விசாரணை என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது.

நமக்கு மேலே மலையில் காவலூர் வானாய்வகம் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1960களில் வானியலாளர் வைனு பாப்பு ஜவ்வாது மலையைத் தேடி வந்தது, ஊர் வெளிச்சம் எட்டாத தெளிந்த வானத்துக்காக. நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதால் தென்வானத்திலும் பெரும்பகுதியை இங்கிருந்து பார்க்கலாம். 1977இல் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று தெரியவந்தபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988இல் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். 1986இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே செய்தது. இவ்வளவும் நம் ஊர் இருட்டை நம்பித்தான் நடந்தது.

அந்த இருட்டைக் கெடுப்பதில் நாம் மாட்டும் விளக்குக்கும் பங்கு உண்டு. நேர் மேலே போகும் வெளிச்சத்தைவிட, தொடுவானத்தை ஒட்டிச் சாய்வாகப் போகும் வெளிச்சம்தான் அதிகம் கெடுக்கிறது. அது காற்றில் நெடுந்தூரம் போய், தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, வானத்தையே வெளுக்க வைக்கிறது. மங்கலான நட்சத்திரம் அந்த வெளுப்பில் மறைந்துபோகும். முன்பு தெருவில் எரிந்த மஞ்சள் சோடியம் விளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் சில குறிப்பிட்ட நிறங்களில் அடங்கியது. அந்த நிறங்களை ஒதுக்கிவிட்டு வானத்தை ஆராய வழி இருந்தது. வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் பரவுகிறது. ஒதுக்க முடியாது.

அதிலும் 'கூல் வைட்' என்று விற்கும் 6500 கெல்வின் விளக்கில் நீலம் அதிகம் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு). நீலம்தான் காற்றில் அதிகம் சிதறும். பூச்சியையும் அதுதான் அதிகம் இழுக்கும். முதல் மழை பெய்த ராத்திரி போர்டிகோவில் ஈசல் குவிவதைப் பார்த்திருப்பீர்கள். 2700 கெல்வின் 'வார்ம் வைட்' போட்டால் இரண்டும் குறையும். வார்ம் வைட் மங்கல் என்று பலர் நினைக்கிறார்கள். பாதை, கொட்டகை, வாசல் எதற்கும் அந்த வெளிச்சம் தாராளம்.

நாங்கள் அடிக்கடி பார்ப்பது ஒன்று. மாடிக் கைப்பிடிச் சுவரில் 100 வாட்ஸ் ஃபோகஸ் லைட், எதிர் தோப்பைப் பார்த்து நிமிர்ந்தபடி இருக்கும். பாதி வெளிச்சம் தென்னை மட்டைக்கும் வானத்துக்கும் போய்விடும். கேட்டருகே நின்றால் கண் கூசும். சுவரோரம் ஒருவர் நின்றாலும் தெரியாது. திருடன் பயம், பாம்பு பயம் இரண்டும் நியாயமானவை. அதற்குத்தான் சொல்கிறோம், வெளிச்சம் தரையில் விழ வேண்டும். பின்னாலிருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, கண்ணாடி தரையைப் பார்க்கும்படி மட்டமாகத் திருப்புங்கள். காம்பவுண்டுக்கு வெளியே நின்று பாருங்கள். உள்ளேயிருக்கும் எல்இடி சில்லு நேராகக் கண்ணில் பட்டால் இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். அப்படித் திருப்பினால் பல வீடுகளுக்கு 20 வாட்ஸே போதும். 100 வாட்ஸ் தினம் 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 72 யூனிட். 20 வாட்ஸுக்கு 14 யூனிட் சொச்சம். ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் வைத்தால் அதிலும் குறையும். யாரோ வந்திருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

அப்புறம், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சீரியல் லைட் வழக்கம்போல் வாடகைக்கு உண்டு. விசேஷம் முடிந்ததும் அணைத்துவிட்டால் போதும். வானத்தைப் பார்த்துச் சுழலும் பீம் லைட்டை மட்டும் இனி விடுவதில்லை. அதில் வருமானம் உண்டுதான், ஆனால் காவலூருக்குக் கீழே கடை வைத்துக்கொண்டு அதைச் செய்ய மனம் ஒப்பவில்லை.

மேல்பக்கம் முழுக்க மூடிய ஃபிட்டிங்குகளை இப்போது வாங்கி வைத்திருக்கிறோம். பழைய விளக்கை மாற்ற வேண்டும் என்றில்லை. அதற்குத் தகர மூடி செய்து தருகிறோம், அளவு மட்டும் கொண்டுவாருங்கள். எங்களிடம் வாங்கிய ஃபோகஸ் லைட் என்றால் எலக்ட்ரீஷியனை அனுப்பித் திருப்பி மாட்டித் தருவோம், கூலி வேண்டாம். உயரமான கம்பத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏணி எடுத்து வர வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்